எங்க அவசரம், உங்க அவசரம்

என் நாத்தனாரிடமிருந்து வந்த செய்தி இவ்வளவுதான்: "மதினி, ஒரு அவசரம் உண்டு. வேகம் வரணம். வைட்டிலா." கீழே ஒரு கட்டடத்தின் லொக்கேஷன்.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவள், ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். நாத்தனாருக்கு போன் அடித்தால் எடுக்கவில்லை. சாக்குக் கடையில் இருந்த என் வீட்டுக்காரருக்கு அடித்தால் அவரும் எடுக்கவில்லை. கடை வாசலில் லாரி நிற்கும்போது அவர் போனை எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. வைட்டிலா பக்கம் ஆஸ்பத்திரிகள் அதிகம். அவசரம் என்கிறாள், வேகமாக வா என்கிறாள், போனையும் எடுக்கவில்லை. இதற்கு மேல் ஒருத்தி வேறு என்னத்தை நினைப்பாள்?

காலையில் வைத்த கஞ்சியைச் சூடாக்கி ஃபிளாஸ்கில் ஊற்றினேன். ஒரு போர்வை, ஒரு துண்டு, ஒரு தம்ளர், ஸ்பூன் எல்லாவற்றையும் கட்டைப்பையில் திணித்துக்கொண்டு தோப்பும்படிக்கு ஆட்டோ பிடித்தேன். அங்கிருந்து பஸ். பாலம் ஏறி இறங்குவதற்குள் எனக்குத் தெரிந்த துஆ எல்லாம் ஓதி முடிந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

லொக்கேஷன் காட்டிய கட்டடத்தின் கீழே ஃபர்னிச்சர் கடை இருந்தது. மாடிப்படி அருகே நின்ற காவலாளி என் பையைப் பார்த்துவிட்டு, "செமினாரா?" என்றார். ஏதோ வார்டின் பெயர் என்று நினைத்துத் தலையாட்டினேன். மேலே ஏறினால், பெருநாளுக்குத் தைத்துக் கொடுத்த பச்சைச் சுடிதாரில், நெஞ்சில் ஒரு பெயர் அட்டையைக் குத்திக்கொண்டு, என் நாத்தனார் சிரித்த முகமாக நிற்கிறாள்.

"வந்துட்டீங்களா மதினி! நல்ல சமயம். இப்பதான் தொடங்கப் போறாங்க." அப்புறம்தான் பையைப் பார்த்தாள். "இதெந்துக்குப் போர்வை?"

உயிரோடு இருக்கிறாளே என்று ஒரு கண்ணில் தண்ணீர், இவளைக் கொன்றால் என்ன என்று இன்னொரு கண்ணில் நெருப்பு. அதற்குள் யாரோ எங்கள் இருவரையும் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் கம்பத்துக்காரி. கல்யாணமாகித்தான் மட்டாஞ்சேரிக்கு வந்தேன். என் வீட்டுக்காரரும் அவர் தங்கையும் இங்கேயே பிறந்தவர்கள். வீட்டில் தமிழ்தான், ஆனால் பள்ளிக்கூடம் மலையாளம். தமிழைக் காதால் மட்டும் படித்தவர்கள். விரைந்து செய்ய வேண்டிய காரியத்துக்கு இவர்கள் வீட்டில் 'திருதி' என்பார்கள். அவசரம் என்ற சொல்லை இவர்கள் வாயில் நான் அதுவரை கேட்டதில்லை. மீன் வாங்கும்போதும் பஸ்ஸிலும் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை. அது மேடையிலும் செய்தித்தாளிலும் புழங்குகிற சொல். அந்த இரண்டு இடத்துக்கும் நான் போகிறவள் இல்லை.

மேடையில் இருந்தவர் அந்த வெக்கையில் கோட் போட்டிருந்தார். எடுத்த எடுப்பில் கையை விரித்து, "ஈ அவசரம் இன்னத்தேக்கு மாத்ரம்!" என்றார். இன்றைக்கு மட்டும்தானாம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் நாத்தனாரின் தொடையைக் கிள்ளி, "அவருக்கு என்னடி அவசரம்?" என்றேன்.

"அவசரம்னா சான்ஸ், மதினி. நல்ல காலம் வந்து கதவைத் தட்டறது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. கஞ்சி ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது ஒரு வாய்ப்பில்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் என் ஃபிளாஸ்கை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் குனிந்து, "ஏது கம்பெனியா சேச்சி?" என்று ரகசியமாகக் கேட்டாள். நான் இன்னொரு கம்பெனியின் பண்டத்தை விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். "கம்பத்துக் கம்பெனி" என்றேன்.

கோட்டுக்காரர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஒருத்தர் கீழே மூன்று பேர், அந்த மூன்று பேர் கீழே மூன்று மூன்று பேர் என்று பலகை நிறைய வட்டம் போட்டார். ஒரு கார் படம் வந்தது, கடற்கரை படம் வந்தது. விற்கிற பண்டம் என்ன என்று நானும் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். முடிகிற நேரத்தில் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொடி டப்பா வெளியே வந்தது. அது குடிக்கவா, குளிக்கவா என்றுகூட அவர் சொல்லவில்லை. இன்று சேருகிறவர்களுக்கு மட்டும் தங்க நிலை, நாளைக்கு வந்தால் கிடையாது என்றார். அவருடைய அவசரத்துக்குள் எங்கள் ஊர் அவசரமும் ஒளிந்திருந்தது. ஒரே சொல்லை இரண்டு பாஷையிலும் விற்கத் தெரிந்த மனிதர் என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சண்டை. நான்தான் ஆரம்பித்தேன்.

"ஏன் புள்ள, உலகத்துல வேற வேலையே இல்லையா? இந்தச் சங்கிலி யாவாரத்துலதான் போய் மாட்டணுமா?"

"நீங்க எல்லாத்தையும் சங்கிலின்னு சொல்லிடறீங்க. ஒருத்தன் பற்றிச்சா எல்லாரும் பற்றிப்பாங்களா?"

பற்றித்தல் என்றால் இங்கே ஏமாற்றுதல். அவள் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வியாபாரத்துக்கு எங்கள் சந்தில் இருந்த பேர் அப்படி. என் கூடப் படித்த ஒருத்தி பல வருஷம் கழித்துக் கூப்பிட்டு, "எப்படிடி இருக்கே, உன் நெனப்பாவே இருக்கு" என்று உருகினாள். நானும் அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போது, காந்தப் படுக்கை ஒன்று வாங்கிக்கொள்கிறாயா என்றாள். எங்கள் சொந்தத்தில் ஒரு மாமா தண்ணீர் வடிகட்டும் மெஷின் விற்க ஆரம்பித்த பிறகு, அவர் சலாம் சொன்னால் எல்லோரும் பதில் சொல்லிக்கொண்டே நடக்கப் பழகியிருந்தார்கள். "ஒரு காரியம் சொல்லணும்" என்று யாராவது பல்லைக் காட்டினால் போதும், மாமிமார்கள் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விடுவார்கள். அப்படி ஒரு நாளைக்கு இவளைப் பார்த்தும் திரை அசையப் போகிறதே என்பதுதான் என் பயம். புருஷன் வீட்டை விட்டு வந்தவளைப் பற்றி ஏற்கெனவே பேச ஆள் இருந்தார்கள். இருக்கிற நாலு வாசலும் அடைபட்டால் இவள் எங்கே போவாள்?

"சரி, ஒண்ணு செய்" என்றேன். "இன்னைக்குச் சேர வேண்டாம். ஒரு வாரம் ஆறப் போடு. பதறாத காரியம் சிதறாதுன்னு எங்க ஊர்ல சொல்வாங்க."

"இங்கேயும் உண்டு. பைய்யத் தின்னா பனையும் தின்னாம்" என்றாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு. மெல்லத் தின்றால் பனைமரத்தையே தின்றுவிடலாமாம். பஸ் தோப்பும்படி வந்தபோது எங்களுக்குப் பசித்தது. கஞ்சியை ஒரே தம்ளரில் மாற்றி மாற்றிக் குடித்தோம்.

அடுத்த வாரம் கோட்டுக்காரர் கூப்பிட்டார். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். அந்த வாய்ப்பு இன்றோடு முடிகிறது என்றார். அதற்கு அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார். அன்றும் அது அன்றோடுதான் முடிந்தது. நாத்தனார் போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அப்படியே தையல் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சிரிப்பா இருக்கு மதினி. பின்னே, எனக்கு வேற எந்த அவசரம் இருக்கு?"

எந்த பாஷையில் சொல்கிறாள் என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னது வாய்ப்பை. நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

அவள் கல்யாணம் ஒரு பெரிய அவசரம். மாப்பிள்ளை வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தார், லீவு முடியப் போகிறது, நிக்காஹ் இப்போதே வேண்டும் என்றார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை விசாரிக்கப் போனால் மாப்பிள்ளை வீட்டில் கேட்க மாட்டோம். அவர்கள் சர்பத் கொடுத்து நல்லதைத்தான் சொல்வார்கள். ரேஷன் கடையில் கேட்போம், எதிர் வீட்டில் கேட்போம், அந்த வீட்டில் முன்பு வாடகைக்கு இருந்து காலி செய்து போனவரைத் தேடிப்பிடித்துக் கேட்போம். விட்டுப் போனவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. அவள் விஷயத்தில் அதற்கு நேரமில்லாமல் போனது. நல்ல இடம், விடக் கூடாது என்று என் வீட்டுக்காரர் வீட்டுக்கும் பந்தலுக்குமாக ஓடினார். மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அவள் திரும்பி வந்தாள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கியதால் அந்த வேலையும் நிலைக்கவில்லை. அண்ணன் சோறு போடுவதில் குறையில்லை, நானும் முகம் கோணியதில்லை. ஆனாலும் மீனில் நடுத்துண்டு அவள் தட்டில் விழும்போது அதை அவள் என் தட்டுக்குத் தள்ளுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவளுக்கு வேண்டியது தன் சோற்றைத் தானே போட்டுக்கொள்ளும் ஒரு வழி. அதைக் கோட்டுக்காரர் தந்தால் என்ன, யார் தந்தால் என்ன என்ற இடத்துக்கு அவள் வந்திருந்தாள்.

அவளிடம் திறமை இல்லாமலில்லை. பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. கொல்லன் தெருவில் போய் ஊசி விற்றுவிட்டு, நூலுக்கும் முன்பணம் வாங்கி வந்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆலுவாக்காரச் சேச்சி வந்தார். மகள் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அங்கே வந்திருந்தவர் ஒரு பிளவுஸைப் பிடித்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தார். என் விரல்களில் மெஷின் எண்ணெய்க் கறை அட்டை மாதிரி ஒட்டியிருந்ததைப் பார்த்து, பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்தார். "கழுவி நோக்கு" என்றார். கழுவினேன். கறை போய்விட்டது. நல்ல பண்டம், எந்தக் கடையில் கிடைக்கும் என்றேன். கடையில் கிடைக்காது, நாங்கள் நேரடியாக விற்கிறோம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் என் முகம் மாறியிருக்க வேண்டும். அவர் சிரித்துவிட்டார்.

"மனசிலாயி. சங்கிலின்னுதானே விசாரிச்சது?"

"வேற எப்படி நினைப்பாங்க சேச்சி?"

அவர் கோபிக்கவில்லை. சங்கிலியும் உண்டு, கள்ளச் சங்கிலியும் உண்டு, பேரைக் கெடுத்தது பின்னதுதான் என்றார். உள்ளே இருந்து நாத்தனார் வந்து நின்றாள். கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். சேர்வதற்கு எப்போது கடைசி என்று கேட்டாள். சேச்சி பிளவுஸை மடித்துப் பையில் வைத்தபடி, "திருதி வேண்டா. ஆலோசிச்சு பறஞ்ஞா மதி" என்றார். அவசரமில்லை, யோசித்துச் சொன்னால் போதும் என்று அர்த்தம். கோட்டுக்காரர் வாயில் வராத சொல் அது. வேண்டாம் என்று சொல்ல வைத்திருந்ததை விழுங்கிவிட்டேன்.

அன்று சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு நாத்தனார் சொன்னாள்: "மதினி, மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரி விசாரிக்கலாம். அன்னைக்கு எனக்கு யாரும் செய்யல. இதுக்காவது செய்யலாம்."

என் வீட்டுக்காரர் சாயாத் தம்ளரைப் பாதியில் வைத்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

விசாரணையை நான் கையில் எடுத்தேன். அந்த கம்பெனியில் இருந்து விட்டுப் போனவர் யார் என்று சேச்சியிடமே கேட்டேன். தயங்காமல் ஒரு நம்பர் கொடுத்தார். தயங்காமல் கொடுத்ததே எனக்குச் சந்தேகம். சொல்லிக் கொடுத்த சாட்சியாக இருக்கலாமே? அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, துணி தைக்க வருகிறவர்களிடம் எல்லாம் வலை வீசினேன். தையல்காரிக்குத் தெரியாத குடும்பம் எது? அளவெடுக்கும்போது மனுஷர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், கேட்டதற்கெல்லாம் பதில் வரும். கடைசியில் பள்ளுருத்தியில் ஒரு பெண் இருப்பது தெரிந்தது. அதே பாட்டிலை விற்று, பிறகு விட்டுவிட்டவர்.

இரண்டு பேரும் நேரில் போனோம். அவர் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் முதலில் எங்களைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். தான் திரும்பவும் சேரப் போவதில்லை என்று மூன்று விதமாகச் சொன்னார். நாங்கள் சேர்க்க வரவில்லை, விசாரிக்க வந்திருக்கிறோம் என்று புரிய வைத்ததும் முக்காலியைத் தள்ளிப் போட்டார்.

முட்டி வலியால்தான் விட்டாராம். விற்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்களா என்றேன். எடுத்துக்கொண்டார்கள், ஆனால் நாலைந்து தடவை நடக்க வைத்த பிறகு என்றார். ஆள் சேர்த்தால் பணமா என்று நாத்தனார் கேட்டாள். வெறுமனே சேர்த்தால் ஒன்றும் கிடையாது, சேர்ந்தவர் பண்டத்தை விற்றால்தான் ஏதோ வரும் என்றார். கார் வாங்கினவரைப் பார்த்திருக்கிறீர்களா என்று நான் கேட்டதற்கு மீன் செதில் தெறிக்கச் சிரித்தார்.

"போட்டோவுல கண்டிருக்கேன். அதெல்லாம் விடு. மீன் செலவுக்கும் கேஸுக்கும் ஆகும். மாளிகை கெட்டலாம்னு யாராவது சொன்னா எழுந்து போயிடு. கை கழுவறதும் பாத்திரம் கழுவறதும் கொள்ளாம், நல்ல பண்டம். ஷாம்பு கொள்ளில்ல, விற்காதே. ஆனா ஒண்ணு, சொந்தக்காரங்ககிட்ட விற்காதே. அவங்க தாட்சண்யத்துக்கு ஒரு தடவை வாங்குவாங்க. அப்புறம் உன்னைக் கண்டா ஒளிஞ்சுப்பாங்க. நான் அப்படித்தான் என் நாத்தனாரை இழந்தேன்."

நானும் என் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நல்லதும் கெட்டதும் கலந்து வந்த அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போனது. முழுக்க நல்லது என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். முழுக்கக் கெட்டது என்று சொல்லியிருந்தால், உண்மையைச் சொல்கிறேன், நான் சந்தோஷமாக நம்பியிருப்பேன். என் வெறுப்பும் விசாரிக்காத அவசரம்தான் என்று அன்று பட்டது.

வீடு திரும்பும் வழியில் அவள் தனக்குத் தானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டாள். சொந்தக்காரர் யாரிடமும் விற்பதில்லை. என் பேரோ அண்ணன் பேரோ தெரியாத ஆட்கள் வாங்கி, தீர்ந்ததும் அவர்களாகவே திரும்பக் கேட்டால் தொடர்வது. இல்லையென்றால் விட்டுவிடுவது.

முகம் தெரியாத ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? தோப்பும்படி துறைமுகத்துப் பக்கம் செம்மீன் உரிக்கிற பெண்களைத் தேடிப் போனாள். என்ன கழுவினாலும் போகாத வாடை அவர்கள் கையில் இருக்கும். முதல் நாள் நானும் கூடப் போனேன், தூரத்தில் நின்றேன். அவர்கள் அவளை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். செண்டு விற்க வந்திருக்கிறாள் என்றார்கள், எங்கள் வாடை போனால் புருஷன்மார்களுக்கு அடையாளம் தெரியாது என்றார்கள். இவள் சளைக்கவில்லை. "தெரியலேன்னா நல்லதுதானே, புதுசா ஒரு கல்யாணம் ஆகும்" என்று பதில் சொன்னாள். ஒருத்தி கை கழுவினாள். முகர்ந்தாள். பக்கத்தில் இருந்தவளின் மூக்குக்கு நேரே கையை நீட்டினாள். அந்தக் கை வரிசையாக எல்லோர் மூக்குக்கும் போய் வந்தது. கடைசியில் இருந்த வயதான பெண் மட்டும் உதட்டைப் பிதுக்கி, "கொறச்சு உண்டு" என்றார். கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம்.

"உண்டு சேச்சி. முழுசா போகாது. பொய் சொல்லி வித்தா நாளைக்கு இங்க வர முடியுமா?" என்றாள் இவள்.

அன்று அவள் நாலு பாட்டில்தான் விற்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு அழுதேன் என்று கேட்டால், அவள் அந்தப் பக்கம் நின்ற நிற்பு. எங்கள் வீட்டில் சுவரோரமாக நடக்கிறவள் அங்கே நடுவில் நின்றாள்.

தீர்ந்ததும் கேட்பார்களா என்பதுதான் மிச்சம். அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் போன் அடித்தால் ஈரக் கையோடு ஓடினாள். ஒரு மதியம் தெரியாத நம்பரிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள். பேர் தெரியாது, பச்சைச் சுடிதார்க்காரியா என்று கேட்டாளாம். கூட இருக்கிறவளுக்கும் சேர்த்து வேண்டுமாம். நாத்தனார் போனை மூடிக்கொண்டு சமையலறையைப் பார்த்துக் கத்தினாள்: "மதினி! ஒரு அவசரம்!"

"எங்க அவசரமா, உங்க அவசரமா?" என்று நானும் கத்தினேன்.

"ரெண்டும்!"

அதிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சாகிவிட்டது. சீட்டு நிறுவனத்திலிருந்து போன் வந்தாலும் சரி, துணிக்கடையில் தள்ளுபடி என்றாலும் சரி, எங்க அவசரமா உங்க அவசரமா என்று கேட்காமல் ஒன்றும் நடப்பதில்லை.

எல்லாம் பாலாறாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் துறைமுகப் பக்கம் வேலை குறைந்தால் இவள் பாட்டிலும் அடுக்கிலேயே நின்றது. ஷாம்புவை விற்க மாட்டேன் என்றதற்குச் சேச்சிக்கும் இவளுக்கும் கொஞ்ச நாள் மனத்தாங்கல். மாதக் கூட்டத்துக்கு வா வா என்று கம்பெனி ஆட்கள் அழைத்தார்கள். ஒரு தடவை போய்விட்டு, அங்கேயும் ஒரு கோட்டு இருக்கிறது என்று சொல்லித் திரும்பி வந்தாள். ஆனால் மீன் அவள் வாங்கினாள். முதல் தடவை வாங்கி வந்த நெய்மீனை நான் பொரித்து, நடுத்துண்டை அவள் தட்டில் வைத்தேன். அவள் அதைத் தள்ளவில்லை.

சொந்தத்தில் ஒரு நிக்காஹ் வந்தது. இவள் பாட்டில் விற்கிற செய்தி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பந்தலில் நுழைந்ததும் இரண்டு மாமிமார்கள் திரைக்குப் பின்னால் போனதை நான் பார்த்தேன். இவளும் பார்த்தாள். போய் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டாள், பெண்ணுக்கு மருதாணி நன்றாகச் சிவந்திருக்கிறது என்றாள், கை கழுவிக்கொண்டு கிளம்பினாள். பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆட்டோவில் ஏறும்போது திரைக்குப் பின்னால் போன மாமி ஒருத்தர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் தர்றியாம், எனக்கு மட்டும் ஏன் சொல்லல? நான் என்ன வேண்டாதவளா?"

"சொந்தத்துல விற்கறதில்ல மாமி" என்றாள் பணிவாக. மாமிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நாங்கள் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

போன மாதம் எங்கள் வீட்டு வாசலில் இன்னொரு வாய்ப்பு வந்து நின்றது. பாலக்காட்டிலிருந்து ஒரு வரன். தமிழ் பேசுகிற குடும்பம், சொந்தமாக ஒரு பாத்திரக் கடை, முதல் கல்யாணம் முறிந்து தனியாக இருக்கிறார். இவளைப் பற்றி யாரோ நல்லவிதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் சாக்குக் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாத்தனார் பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் சேச்சி அவளுக்குக் கேனில்தான் அனுப்புகிறார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேக்கறாங்க. நல்ல அவசரம் பாத்துக்கோ, விட்டுடக் கூடாது" என்றார் மூச்சு வாங்க.

அவள் பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "எந்த பாஷையிலண்ணே?"

முதல் தடவை பந்தலுக்கும் வீட்டுக்குமாக ஓடின மனுஷர் அன்று நின்ற இடத்தில் அப்படியே நின்றார். நான் மெஷினை நிறுத்திவிட்டேன். ஏதாவது சொல்லி இருவரையும் காப்பாற்றலாமா என்று தோன்றியது. நல்லவேளை, சொல்லவில்லை.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். திண்டில் உட்கார்ந்தார். பாலக்காட்டுக்குப் போன் போட்டு, சலாம் சொல்லி, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பதில் வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது. திருதி வேண்டாம். இன்னொரு காரியம், தப்பா எடுத்துக்கக் கூடாது. மாப்பிள்ளையோட முதல் சம்சாரம் இருக்காங்கல்ல, அவங்க நம்பர் கிடைக்குமா? எங்க வீட்டு வழக்கம், விட்டுப் போனவங்ககிட்டதான் விசாரிக்கறது."

போன் கட்டாகிவிட்டதோ என்று அவர் காதிலிருந்து எடுத்துப் பார்த்து, ஸ்பீக்கரில் போட்டார். பிறகு யாரோ இருமினார்கள், யாரிடமோ ஏதோ கேட்டார்கள், ஒரு ஆண்குரல் தானே போனை வாங்கி, நான்தான் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு, நிதானமாக எண்களைச் சொல்ல ஆரம்பித்தது.

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் போனில் அதைக் குறித்துக்கொண்டாள்.